இரண்டு மரத்துக்கு நடுவே

மழை பெய்தால்தான் றெஜிலாவுக்கு வேலை இல்லை.
மழை பெய்தால் எனக்கும் இல்லை.

குலசேகரம் சந்தைக்குப் பின்னால்
ரப்பர் ஷீட் கடையின் மாடி,
பத்துக்குப் பன்னிரண்டு,
கூரை தகரம்.
முட்டை அட்டை ஒட்டினேன், மெத்தையைக் கிழித்துத் தொங்கவிட்டேன்.
ஒரு சொட்டு விழுந்தாலும்
மைக் அதைத்தான் முதலில் கேட்கிறது.

ஜூன் முழுக்க இப்படியே போயிற்று.
பேச்சிப்பாறை பஸ்ஸில் வந்து இறங்கி
படிக்கட்டில் குடையை விரித்து வைத்துவிட்டு
கீழே நின்றே கேட்பாள்:
"அண்ணா, இண்ணைக்கு நடக்குமா?"
நான் கூரையைக் காட்டுவேன்.
ஆளுக்கொரு கட்டன்சாயா.
அடுத்த பஸ்.

எனக்கு வருமானம் கிறிஸ்மஸ் பாட்டு,
அம்மன்கொடை விளம்பரம்,
இறந்தவர் பேரை ஆட்டோவில் சொல்லிப்போக
ஒரு நிமிட ஒலி.
சொந்தப் பாட்டோடு வருகிறவர்கள்
இரண்டாம் சரணத்தில் அழுவார்கள்,
பாக்கியைத் தரமாட்டார்கள்.
இவள் ஐந்நூறை முதலிலேயே தந்திருந்தாள்.
நோட்டுகள் ரப்பர் பால் பட்டு
ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

பாட்டு மெட்ரோலாக்கைப் பற்றி.
பாலில் விட்டால் முங்கி
கனம் சொல்லும் கண்ணாடிக் குழல்.
'எங்க கையில முங்குது, வீட்டுல முங்குது,
றைட்டர் தொட்டா மட்டும்
குழலுக்கு நீச்சல் தெரியுது.'
நான் வாய்விட்டுச் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

ஒரு செவ்வாய், பதினொன்று பத்துக்கு
மழை வெட்டினாற்போல் நின்றது.
ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினேன்.
ஹெட்ஃபோனில் தாளத் தட்டலைக் கேட்டதும்
கழற்றி என் கையில் தந்தாள்:
"உள்ள யாரோ கதவத் தட்டுகா."
சரி, தட்டல் வேண்டாம்.

ஒரே மூச்சில் பாடவில்லை.
ஒரு வரி. மௌனம். ஒரு வரி.
மூன்று நொடி, நான்கு,
ஓரிடத்தில் ஒன்பது.
ஓரிடத்தில் பதினொன்று.
மறந்துவிட்டாள் என்று
நிறுத்தப் போன என் விரலை
கண்ணாலேயே தடுத்தாள்.
இன்னோரிடத்தில் இடைவெளியே இல்லை,
இரண்டு வரியும் மோதிக்கொண்டன.

ராத்திரி உட்கார்ந்து சுத்தம் செய்தேன்.
நீண்டதை வெட்டினேன், மோதியதைப் பிரித்தேன்,
நடுவில் புகுந்த பஸ் ஹாரன்
ஒரு மௌனத்தோடு சேர்ந்து போயிற்று.
நாலே முக்கால் நிமிடம்
மூன்று பத்துக்கு வந்தது.
எனக்கு நானே ஒரு சாயா வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த மழைக்கு வந்து கேட்டாள்.
முதல் சரணம்வரை தலை ஆடியது.
அப்புறம் நின்றது.

"மரங்களை எங்க?"

எனக்குப் புரியவில்லை.
எழுந்து நின்று
வலது கையால் காற்றில் சரிவாக ஒரு கீறு.
"இது ஒரு வரி."
மூன்று எட்டு நடந்தாள், சுவர் வந்துவிட்டது.
"இது அடுத்த மரம்."
ஒன்பது நொடி ஏற்றமாம்.
பதினொன்று, ஓடை:
செருப்பைக் கையில் எடுக்க வேண்டும்.
"அந்த ரெண்டு வரி மட்டும் ஏன் மோதுது?"
"அங்க ஒரு மரம் பட்டுப்போச்சு.
இருட்டுல அதுக்க கிட்ட நிக்கமாட்டேன்,
ஓடிருவேன்."

கன்ட்ரோலும் இசட்டும்.
நாற்பத்தொரு தடவை.
ஏற்றம் வந்தது, ஓடை வந்தது,
ஹாரனும் வந்தது.
அதை மட்டும் எடுத்துவிட்டு
அதே அளவு சும்மா இருக்கும் சத்தத்தை
வேறிடத்திலிருந்து எடுத்து வைக்கட்டுமா என்றேன்.
யோசித்தாள்.
"எத்தன ரூவா கூடும்?"

காசு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.
நூறு என்றேன்.
அப்படியானால் ஹாரன் கிடக்கட்டும் என்றாள்.

பென்டிரைவில் ஏற்றும்முன்
முழுசாய் ஒருதரம் பெரிய ஸ்பீக்கரில் போட்டோம்.
பலகைத் தரையின் இடுக்கில் பார்த்தால்
கீழே முதலாளி வற்கீஸ்,
தராசில் யாருடைய ஷீட்டோ.
'நீச்சல் தெரியுது' என்றபோது
கையை எடுத்துக்கொண்டார்.
ஓடை வந்தது.
பாட்டு முடிந்ததென்று நினைத்து
மறுபடி கையை வைத்தார்.

எட்டு. ஒன்பது. பத்து.